மலையெல்லாம் இருக்கட்டும் சார், தண்ணி எத்தனை மணிக்கு? – 'வெள்ளிடைமலை'யைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

2024 மார்ச். பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த நேரம். அல்சூர்ப் பக்கம் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் போர்வெல்லைப் போட்டால் காற்றுதான் வந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. எங்கள் குடியிருப்போர் சங்கத்திலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவிப்பு தயார் செய்தார்கள். வீட்டு வேலைக்கு வருபவர்கள், டிரைவர்கள், வாட்ச்மேன் எல்லோருமாகச் சேர்த்தால் பாதிப்பேர் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைக்காரர்கள். அதனால் தமிழிலும் ஒன்று வேண்டும் என்றார்கள். 'தமிழ் தெரிந்தவர்' என்று என் தலையில் கட்டினார்கள்.

நானும் உட்கார்ந்து எழுதினேன்: "நகரில் நிலவும் கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு வெள்ளிடைமலை. எனவே அனைவரும் நிலைமையை உணர்ந்து சிக்கனம் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டு, சொல் நன்றாக விழுந்திருக்கிறதே என்று நானே ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டேன். வாட்ச்மேன் அண்ணன் வந்து நின்று, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "மலையெல்லாம் இருக்கட்டும் சார். தண்ணி எத்தனை மணிக்கு விடுவாங்க?"

ஆங்கில அறிவிப்பில் நேரம் இருந்தது. கன்னட அறிவிப்பிலும் இருந்தது. என்னுடையதில் மட்டும்தான் இல்லை. 'வெள்ளிடைமலை', அதாவது யாரும் விளக்க வேண்டாத அளவுக்குத் தெளிவானது, என்று எழுதியதுமே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்ட திருப்தி எனக்கு வந்துவிட்டது. அந்தச் சொல்லின் வேலையே அதுதான். எழுதுபவரை ஏமாற்றிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் எழுதப் பழக என்னிடம் சிலர் வருகிறார்கள். இங்கேயே பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்தவர்கள் ஒரு பக்கம். வேலைக்காகச் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து, பத்தாம் வகுப்போடு தமிழை விட்டு, இப்போது மறுபடி எழுத ஆசைப்படுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் எல்லோருக்கும் தெரிந்த உண்மையைச் சொல்லும் இந்தச் சொல்லில்தான் தடுக்கி விழுகிறார்கள். கீழே இருப்பது அவர்களுக்காக எழுதி வைத்த குறிப்பு. வரிசையாகச் செய்து பாருங்கள்.

முதல் படி: சொல்லைச் சரியாகப் பிரியுங்கள்

பத்துப் பேரைக் கேட்டால் ஏழு பேர் 'வெள்ளி' என்று தொடங்குவார்கள். வெள்ளிமலை என்றால் கயிலாயம். வெள்ளியங்கிரி கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறது. ஆகவே இதுவும் ஏதோ வெள்ளி மலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தவறு. வெள் + இடை + மலை. இங்கே 'வெள்ளிடை' என்றால் வெளியான இடம், மறைப்பு எதுவும் இல்லாத வெட்டவெளி. தனிக்குறிலை அடுத்து வரும் மெய், பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கல் + எறி கல்லெறி ஆவது போல வெள் + இடை வெள்ளிடை ஆனது. சேர்த்து ஒரே சொல்லாக எழுதுங்கள்.

படம் பிடிபட வேண்டுமென்றால் அடுத்த முறை ஊருக்குப் போய்விட்டு வரும்போது பஸ்ஸில் தூங்காமல் வாருங்கள். கிருஷ்ணகிரி நெருங்கும்போது கோட்டை இருக்கும் பாறை மலை தெரியும். ஓசூருக்கு வந்தால் சந்திரசூடேசுவரர் கோயில் இருக்கும் குன்று. சுற்றிலும் சமவெளி, நடுவில் மலை. பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டால்தான் உண்டு. அதுதான் வெள்ளிடைமலை. யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம், கைகாட்டக்கூட வேண்டாம்.

நந்தி மலையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 1,478 மீட்டர். சனிக்கிழமை விடியற்காலையில் பாதி பெங்களூரு அங்கேதான் வண்டியைத் திருப்புகிறது. பனி இறங்கிய நாளில் அடிவாரத்தில் நிற்பவருக்கு மலையே தெரியாது. அந்த நாளில் அது வெள்ளிடைமலையா இல்லையா? இந்தக் கேள்விக்கு ஐந்தாவது படியில் வருவோம்.

இரண்டாவது படி: அக்கம்பக்கத்துச் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

தேர்வு எழுதியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. 'உள்ளங்கை நெல்லிக்கனி போல – தெளிவு', 'வெள்ளிடைமலை போல – தெளிவு' என்று மனப்பாடம் செய்தவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து மாற்றி மாற்றிப் போடுவார்கள். மதிப்பெண்ணுக்கு அது போதும். எழுத்துக்குப் போதாது.

மலை தூரத்தில் நிற்கிறது, எல்லோர் கண்ணிலும் படுகிறது. நெல்லிக்கனி ஒருவர் கையில் இருக்கிறது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், மேலே ஓடும் கோடுகளை எண்ணலாம். ஆகவே ஊருக்கே தெரிந்த ஒன்றுக்கு மலை. ஒருவருக்கு ஒரு விஷயம் நுணுக்கமாகத் தெரியும் என்றால் நெல்லிக்கனி. "இந்த ரோட்டில் எப்போதும் டிராஃபிக் என்பது வெள்ளிடைமலை." "எந்தச் சந்தில் புகுந்தால் சீக்கிரம் போகலாம் என்பது அந்த ஆட்டோக்காரருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி." இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் படியுங்கள், இடறும்.

'கண்கூடு' என்பதற்கு இன்னும் நெருக்கம் வேண்டும். கண்ணால் கண்டது. "ஏரி வற்றியதைக் கண்கூடாகப் பார்த்தேன்" என்றால் நீங்கள் அங்கே நின்றிருக்க வேண்டும். செய்தித்தாளில் படித்துவிட்டுக் கண்கூடு என்று எழுதாதீர்கள். 'வெட்ட வெளிச்சம்' வேறு சங்கதி: மறைந்திருந்த ஒன்று வெளியே வந்துவிட்டது என்பதற்கு. முன்பு இருட்டு இருந்தால்தான் வெளிச்சத்துக்கு வேலை. 'பட்டவர்த்தனம்' என்றால் ஒருவர் மறைக்கவே முயலாமல் செய்கிறார் என்று ஒரு முகச்சுளிப்பு உள்ளே இருக்கும். 'குன்றின் மேலிட்ட விளக்கு' இந்தக் கூட்டத்திலேயே சேராது. அது புகழுக்கு. திறமை வெளியே தெரிந்தவரைச் சொல்வது, உண்மையைச் சொல்வது அல்ல.

'வெளிப்படை' என்ற சொல்லை மட்டும் இன்னொரு காரணத்துக்காகக் கவனியுங்கள். இலங்கைத் தமிழில் கணக்குப் பாடத்தில் 'வெளிப்படையுண்மை' என்று ஒரு சொல் உண்டு. ஒரே பொருளுக்குச் சமமான இரண்டு பொருள்கள் தமக்குள்ளும் சமம், முழுமை அதன் பகுதியைவிடப் பெரிது என்பது மாதிரி, நிரூபிக்காமலே ஏற்றுக்கொண்டு மேலே கட்டடம் எழுப்பும் கூற்றுகளுக்கு அந்தப் பெயர். நல்ல சொல். எனக்குத் தெரிந்து எந்த அகராதி விளக்கத்தையும்விடத் தெளிவாகத் தன் பொருளைத் தானே சொல்லும் சொல்.

கைப்புண்ணுக்கு வருவோம். "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?" என்பது நம் பழமொழி. ஆதாரம் உன் கையிலேயே இருக்கிறது, வேறு எதைக் காட்டச் சொல்கிறாய் என்று பொருள். என் பழைய அலுவலகத்தில் ஒருநாள் டீ நேரத்தில் இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த மைசூர்க்காரர் துள்ளிவிட்டார். "நம்மகிட்டயும் இருக்கு: அங்கை ஹுண்ணிகே கன்னடி யாக்கே!" அங்கை நமக்கும் உள்ளங்கைதான், பழைய சொல். புண் ஹுண்ணு ஆனது, பால் ஹாலு ஆன மாதிரி, பள்ளி ஹள்ளி ஆன மாதிரி. (மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி என்று பஸ் போர்டு படிக்கும்போதெல்லாம் 'ஹ'வை எடுத்துவிட்டு 'ப' போட்டுப் பாருங்கள், ஊர் பாதி தமிழாகிவிடும்.) 'கன்னடி' என்றதும் மொழியைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நான் முதலில் மிரண்டுபோனது தனிக்கதை. கன்னடத்தில் கண்ணாடிக்கு அதுதான் பெயர்.

விஜயவாடாவிலிருந்து வந்த அம்மா விடவில்லை. தெலுங்கில் "முஞ்சேதி கங்கணானிகி அத்தம் எந்துக்கு" என்றார்: முன்கையில் இருக்கும் வளையலைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு? லக்னோ பையனும் சேர்ந்துகொண்டான். "ஹாத் கங்கன் கோ ஆர்சி க்யா, படே லிக்கே கோ ஃபார்சி க்யா." கை வளையலுக்குக் கண்ணாடி எதற்கு, படித்தவனுக்குப் பாரசீகம் ஒரு பாரமா என்று பாட்டு மாதிரி வரும். நான்கு மொழியிலும் ஒரே கை, ஒரே கண்ணாடி. ஆனால் தெலுங்குக்கும் இந்திக்கும் கையில் வளையல். நமக்கும் கன்னடத்துக்கும் புண். யார் வாழ்ந்திருக்கிறார்கள் பாருங்கள் என்று டீக்கடைக்காரர் வரைக்கும் சிரித்தார்.

மூன்றாவது படி: வாக்கியத்தில் எங்கே உட்கார வைப்பது

முதலில் காட்டுங்கள், பிறகு சொல்லுங்கள். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி முடிந்தது.

"மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். காபி மெஷினைக்கூட யாரோ வந்து தூக்கிப் போனார்கள். கம்பெனி மூடப்போகிறது என்பது வெள்ளிடைமலை." இதில் சொல் கடைசியில் வருகிறது. அது வரும் முன்பே வாசகர் மலையைப் பார்த்துவிட்டார்.

இதையே "கம்பெனி மூடப்போகிறது என்பது வெள்ளிடைமலை" என்று மட்டும் எழுதினால், நீங்கள் நம்பச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். வாசகர் "எங்கே மலை?" என்று கேட்டால் பதில் இல்லை. மேடைப் பேச்சில் "வெள்ளிடைமலையான உண்மை என்னவென்றால்" என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்து வருவது பெரும்பாலும் அவருடைய சொந்தக் கருத்தாக இருக்கும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. 'போல' வேண்டுமா? வேண்டியதில்லை, "என்பது வெள்ளிடைமலை" என்று நேராக முடிக்கலாம், "வெள்ளிடைமலை போல் விளங்கும்" என்றும் எழுதலாம். 'வெள்ளிடைமலையாகத் தெரிகிறது' என்றும் சிலர் எழுதுகிறார்கள், என் காதுக்கு ஒட்டவில்லை. "ஓரளவு வெள்ளிடைமலை", "வெள்ளிடைமலை என்று நினைக்கிறேன்" எல்லாம் வேண்டாம். மலை ஓரளவு நிற்காது. "வெள்ளிடைமலை போல் வெட்ட வெளிச்சமாகத் தெள்ளத் தெளிவாக" என்று மூன்றையும் அடுக்கினால் எழுதியவருக்கே சந்தேகம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு கட்டுரைக்கு ஒருமுறை போதும். வாட்ஸப்பில் வீட்டு ஓனருக்கு "குழாய் ஒழுகுவது வெள்ளிடைமலை" என்று அனுப்பினால் அவர் சிரிப்பார், பிளம்பரை அனுப்ப மாட்டார். வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

நான்காவது படி: பேச்சில் இதற்கு வேறு ஆள் இருக்கிறார்

எந்தத் தமிழரும் காய்கறிக் கடையில் நின்று வெள்ளிடைமலை என்று சொல்வதில்லை. அங்கே அந்த வேலையைச் செய்வது சின்னஞ்சிறு ஒட்டுகள். ஆங்கிலத்தில் பேசி, தமிழில் எழுதுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ஆங்கிலத்தில் 'ஆப்வியஸ்லி' என்று நாலு வரிக்கு ஒருமுறை சொல்லிப் பழகியவர்கள் அதை அப்படியே "வெளிப்படையாக, அவர் வரவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் வெளிப்படையாக என்றால் ஒளிவுமறைவில்லாமல். வெளிப்படையாக வராமல் இருப்பது எப்படி என்று யாருக்கும் புரியாது.

தமிழ் இதை வாக்கியத்தின் வாலில் வைத்துக்கொள்கிறது. "அவர் வரலைதானே." இதில் 'தானே' கேட்பவரையும் இழுத்து உள்ளே வைக்கிறது: உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நீங்க பெங்களூர்க்காரர் ஆச்சே, உங்களுக்குக் குளிருமா?" என்றால் 'ஆச்சே' உங்களுக்கு உங்களையே நினைவூட்டுகிறது, கொஞ்சம் கிண்டலும் உண்டு. "இது தப்பு இல்லையா?" என்பதில் ஒரு மெல்லிய வற்புறுத்தல் இருக்கிறது, 'அல்லவா' அதற்குச் சட்டை போட்ட வடிவம். "சொல்லணுமா என்ன!", "அதைக் கேட்கவே வேண்டாம்" என்பவை முழுச் சொற்றொடர்கள், தெரிந்த விஷயம் மிக அதிகமாக இருக்கும்போது வரும். "அம்மா வந்தா சமையல் சொல்லணுமா என்ன!"

எழுதும்போதும் இவற்றைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். கட்டுரையில் ஒரு 'தானே' பத்து வெள்ளிடைமலைக்குச் சமம், யாரையும் பயமுறுத்தாது.

புதிதாக வந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கன்னடத்தில் நம் 'அல்லவா' சுருங்கி 'அல்வா' ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் "அல்வா?" என்று கேட்டால் இனிப்பு தரப்போவதாகவோ, உங்களை ஏமாற்றப்போவதாகவோ நினைக்க வேண்டாம். "அப்படித்தானே?" என்கிறார். தலையை ஆட்டினால் போதும்.

ஐந்தாவது படி: யார் எங்கே நின்று பார்க்கிறார்கள்?

நந்தி மலையை விட்டுவிட்டு வந்தோமே, அங்கே போவோம். மலை வெட்டவெளியில் இருப்பது மட்டும் போதாது. பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கு அது தெரிய வேண்டும். நமக்கு வெட்டவெளி, அடுத்தவருக்குப் பனி.

பெங்களூரில் இருபது வருஷம் இருந்தவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். "மெஜஸ்டிக் போய் மாறிக்கோங்க" என்பார். அவருக்கு அது சொல்லியே தெரிய வேண்டாதது. புதிதாக வந்தவர் மெஜஸ்டிக் என்று ஒரு பலகையைத் தேடிக்கொண்டே இருப்பார். பஸ் நிலையத்தின் பெயர் கெம்பேகௌடா பஸ் நிலையம். பஸ் போர்டில் சுருக்கி கே.பி.எஸ். என்று போடுவார்கள். எதிரே இருக்கும் ரயில் நிலையத்துக்கு கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் சிட்டி ஸ்டேஷன் என்பார்கள். மெஜஸ்டிக் என்பது அங்கே இருந்த ஒரு சினிமா கொட்டகை. கொட்டகை போய்விட்டது, பெயர் மட்டும் ஊர் முழுவதுக்கும் நிலைத்துவிட்டது. இல்லாத கட்டடத்தின் பெயரைச் சொல்லி, இருக்கும் இடத்துக்கு வழி சொல்கிறோம், கேட்பவர் விழித்தால் "இதுகூடத் தெரியாதா?" என்கிறோம்.

ஆகவே வெள்ளிடைமலை என்று எழுதிய இடத்தில் நிறுத்தி, யாருக்கு என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பாருங்கள். 'எல்லோருக்கும்' என்று பதில் வந்தால் நம்பாதீர்கள். பெயர் போடுங்கள்: அம்மாவுக்கு, போன வாரம் வந்த பேயிங் கெஸ்ட் பையனுக்கு, வாட்ச்மேன் அண்ணனுக்கு. அவர்களில் ஒருவருக்குத் தெரியாது என்றாலும் சொல்லை எடுத்துவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள்.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. தொல்காப்பியர் உரியியலில், வெளிப்படையான சொற்களை எடுத்துச் சொல்ல வேண்டாம், வெளிப்பட வராதவற்றையே சொல்வேன் என்கிறார். நியாயம்தான். ஆனால் அவருக்கு வெளிப்படையாக இருந்த சொற்களில் பலவற்றுக்கு இன்று நமக்கு அகராதி வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. காலம் பனி மாதிரி இறங்கிவிட்டது.

மறைத்து வைத்தும் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு என்ன சொல்வது என்று ஒரு மாணவி கேட்டாள். அவளை அல்சூர் ஏரிக்கரைக்கு அனுப்பினேன். அங்கே இருக்கும் திருவள்ளுவர் சிலை 1991இல் வைக்கப்பட்டது; எதிர்ப்பு எழுந்ததால் திறக்கப்படாமல் 18 வருஷம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்தார்கள். பதிலுக்கு, நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. (சர்வக்ஞர் என்றால் எல்லாம் அறிந்தவர்.) அந்த 18 வருஷமும் அந்த வழியாகப் போனவர்களில், மூடியிருப்பது யார் என்று தெரியாதவர் இருந்திருக்க மாட்டார். இதற்கு வெள்ளிடைமலை பொருந்தாது, மறைப்பு இருந்ததே. வெட்ட வெளிச்சமும் பொருந்தாது, திறந்த நாளில் யாரும் ஆச்சரியப்படவில்லை. 'ஊரறிந்த ரகசியம்' என்று அவளே கண்டுபிடித்து வந்தாள். அந்த வாரம் வகுப்பில் அவளுக்குத்தான் கைதட்டல்.

ஆறாவது படி: திருப்பிப் போட்டுப் பாருங்கள்

உண்மை என்பதற்காக எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. உங்கள் வாக்கியத்தை எதிர்மறையாக்குங்கள். அந்த எதிர்மறையை உலகத்தில் யாராவது சொல்வார்களா? "கல்வி வாழ்க்கைக்கு மிக முக்கியம்." திருப்பினால், "கல்வி முக்கியமே இல்லை." இப்படிச் சொல்லும் ஆள் உங்கள் கூட்டத்தில் இருக்கப்போவதில்லை. அப்படியானால் முதல் வாக்கியம் யாருக்கும் எதையும் தரவில்லை. "கன்னடம் தெரியாமலே பெங்களூரில் பல வருஷம் ஓட்டிவிடலாம்." திருப்பினால், "ஓட்ட முடியாது." இதற்கு ஆள் உண்டு, சண்டையும் உண்டு. அந்த வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரம் சேருங்கள்.

நன்னூல் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியல் போடுகிறது. கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல் எல்லாம் அதில் உண்டு. கடைசிக் குற்றத்தின் பெயர் 'நின்று பயன் இன்மை'. சொற்கள் நிற்கின்றன, பயன் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த உண்மையைக் கண்டுபிடிப்பு மாதிரி சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ட்ரூயிசம் என்பார்கள். தமிழில் அதற்கு நேர்ச்சொல் வேண்டும் என்று தேடுபவர்கள் நன்னூலைப் புரட்டினால் நல்லது.

பிரெஞ்சில் இதற்கு ஒரு வேடிக்கையான சொல் இருக்கிறது: லபாலிசாட். என் அக்கா மகள் பிரெஞ்சு படிக்கிறாள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லா பாலிஸ் என்ற பிரபு பிரான்சின் தளபதி. 1525 பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியில் பாவியா போரில் இறந்தார். "இறக்காமல் இருந்திருந்தால் இன்னும் பிறர் பொறாமைப்படும்படி இருந்திருப்பார்" என்பது அவர் கல்லறை வாசகமாகச் சொல்லப்படுவது. பழைய பிரெஞ்சு எழுத்தில் 'ஸ'வும் 'ஃப'வும் கிட்டத்தட்ட ஒரே உருவம். மாற்றிப் படித்தால், "இறக்காமல் இருந்திருந்தால் இன்னும் உயிரோடு இருந்திருப்பார்" என்று ஆகிவிடுகிறது. போதாதா? பின்னால் அவர் பெயரில் இதே பாணியில் கேலிப்பாட்டே வந்துவிட்டது. சாவதற்குக் கால் மணி நேரம் முன்பு வரை அவர் உயிரோடு இருந்தாராம். வீரமாகச் செத்த மனிதரின் பெயர் ஓர் எழுத்து மயக்கத்தால், சொல்லாமலே தெரிந்ததைச் சொல்வதற்குப் பெயராகிவிட்டது. நம் ஊர் ஆண்டு விழாப் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரபு ஞாபகம் வருகிறார்.

ஏழாவது படி: தெரிந்ததைச் சொல்லியே ஆக வேண்டிய இடங்கள்

ஆறாவது படியை மட்டும் படித்துவிட்டு ஒரு பையன் துக்க வீட்டுக்குப் போனான். "என்ன சொன்னாலும் தெரிந்த விஷயம்தானே சார், அதனால் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்" என்றான். இது என் தவறு. அங்கே "பிறந்தவங்க எல்லாரும் ஒருநாள் போகத்தானே வேணும்" என்று பெரியவர்கள் சொல்வது தகவல் தருவதற்காக அல்ல. கேட்பவருக்கு அது தெரியாது என்றும் யாரும் நினைக்கவில்லை. பக்கத்தில் உட்கார ஒரு சாக்கு அது. எழுத்திலும் இரங்கல் கடிதத்தில் இந்த வரிகளை வெட்டாதீர்கள்.

அதேபோல, பை நிறையக் காய்கறியோடு வருபவரைப் பார்த்து "என்ன, மார்க்கெட்டா?" என்பது. இலை போட்டுச் சாப்பிடுபவரைப் பார்த்து "சாப்பிடுறீங்களா?" என்பது. இங்கே கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பாடு ஆச்சா?). விடை தெரிந்தே கேட்கும் வினாவை இலக்கணம் அறிவினா என்கிறது, ஆசிரியர் மாணவரைக் கேட்பது அதற்கு உதாரணம். இந்தக் குசலங்கள் அந்த வகையில்கூட முழுசாகச் சேராது, ஏனென்றால் விடையை யாரும் திருத்தப்போவதில்லை. வடக்கிலிருந்து வந்த நண்பர் ஒருவர் ஒவ்வொரு முறையும் என்ன சாப்பிட்டேன் என்று விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆய்த்து" என்றால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். கதையில் உரையாடல் எழுதும்போது இவற்றைத் தாராளமாக வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பாத்திரங்கள் எல்லோரும் நேர்காணலுக்கு வந்தவர்கள் மாதிரி பேசுவார்கள்.

எட்டாவது படி: ஒட்டும் முன் ஒருவரிடம் காட்டுங்கள்

படித்தவரிடம் காட்டாதீர்கள். அவர் சந்தியைத் திருத்துவார். அறிவிப்பு யாருக்காகவோ அவரிடம் காட்டுங்கள்.

2024 அறிவிப்பை அன்றைக்கே கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். "தண்ணீர் காலை 6 முதல் 8 வரை, மாலை 6 முதல் 7 வரை வரும். அதற்குள் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கழுவினால் அபராதம் 5,000 ரூபாய்." மலை இல்லை, உணர்தல் இல்லை, கடைப்பிடித்தல் இல்லை. வாட்ச்மேன் அண்ணன் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. போய் டிரம்மைக் கழுவினார்.

அதற்குப் பிறகு எதை எழுதினாலும் முதலில் அவரிடம்தான் போகிறது. போன மாதம் கீழ்த்தொட்டி சுத்தம் செய்வதற்காக ஓர் அறிவிப்பு. இந்த முறை நேரம், எத்தனை மணிக்கு அடைப்பார்கள், எப்போது திறப்பார்கள் என்று எல்லாவற்றையும் போட்டிருந்தேன். "வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு" என்று தொடங்கும். வெள்ளிக்கிழமை மாலை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார்.

"வர்ற ஞாயிறுன்னா, நாளன்னைக்கா சார், இல்ல அதுக்கு அடுத்ததா?"

பேனாவை வாங்கித் தேதியைப் போட்டேன்.